ஏரியின் மிதவை உயிரிகளும் சூழல் குலைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரி, குளம், கழிமுகத் தண்ணீரைச் சோதிக்கும் மாணவர்களும் தன்னார்வலர்களும் மீன் வளர்ப்போரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் ஆழமற்ற ஏரிகளைச் சார்ந்தவை. ஆழமான மலை ஏரிகளுக்கு இதை அப்படியே பொருத்த வேண்டாம்.

மிதவை உயிரி என்றால் எவை?

நீரோட்டத்தை எதிர்த்து நிற்க முடியாமல் அது போகும் போக்கில் போகிற எல்லாமே. பிளாங்க்டன் என்பதும் இதுவே. ஒளியில் உணவு செய்யும் பாசிகள் தாவர மிதவைகள்: பச்சைப் பாசி, டயாட்டம் (கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச் செல் பாசி), நீலப்பச்சைப் பாசி, யூக்ளினா போன்றவை. அவற்றைத் தின்பவை விலங்கு மிதவைகள். நம் ஏரிகளில் முக்கியமாக மூன்று கூட்டம்: ரோட்டிஃபர் (தலையில் சக்கரம் போலச் சுழலும் மயிரிழைகள் கொண்ட நுண்விலங்கு), நீர்த்தெள்ளு, கோபிபாட் (இந்த இரண்டும் இறால் வகையைச் சேர்ந்த பொடி உயிர்கள்). கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்போர் குஞ்சுகளுக்குப் போடும் மோய்னா ஒரு நீர்த்தெள்ளுதான்.

எதைக் குலைவு என்கிறோம்? மழை பெய்தால் அதுவும் குலைவா?

இருக்கும் உயிர்களை ஒரேயடியாக அழித்தோ அகற்றியோ, அல்லது வளங்களைத் திடீரென்று மாற்றியோ, போட்டியின் கணக்கைக் கலைத்துவிடும் நிகழ்வுதான் குலைவு. கலிங்கு பாயும் வெள்ளம், கரை உடைவு, ஏரி வறண்டுபோதல், சாக்கடைத் திறப்பு, தூர்வாருதல், மீன் விடுதல் எல்லாம் இதில் வரும். மாலையில் வீசும் கடற்காற்று ஆறடி ஆழ ஏரியைத் தினமும் கலக்கினால் அது குலைவு அல்ல. அங்குள்ள பாசிகளுக்கு அது அன்றாட வாழ்க்கை. அதே கலக்கல், மூன்று வாரம் காற்றே இல்லாமல் மேலே ஏடு படிந்து கிடந்த ஏரியில் நடந்தால் குலைவு.

வந்து போகும் குலைவு வேறு, வந்து தங்கிவிடும் குலைவு வேறு. வெள்ளம் முதல் வகை. நிறுத்தாமல் விழும் சாக்கடை இரண்டாம் வகை. முதல் வகையிலிருந்து கூட்டம் மீளும். இரண்டாவதில் மீள்வதற்குப் பழைய நிலை என்று ஒன்றே இருக்காது. ஆய்வறிக்கைகளில் இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் போடுவதைத்தான் அடிக்கடி காண்கிறோம்.

ஒரே வெள்ளம் ஒரு ஏரியில் இன எண்ணிக்கையைக் கூட்டுகிறது, இன்னொன்றில் குறைக்கிறது. ஏன்?

தலைமுறைக் காலம்தான் காரணம். வெதுவெதுப்பான நம் தண்ணீரில் சிறு பச்சைப் பாசி ஒரு நாளில் இரட்டிக்கும். ரோட்டிஃபர் பொரித்து ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும். மோய்னா ஒரு வாரத்துக்குள் குட்டி போடும். கோபிபாட்டோ ஆறு நாப்ளியஸ் நிலை, ஐந்து கோபிபோடிட் நிலை என்ற இளம்பருவங்களைத் தாண்டித்தான் முதிரும். அதற்கு வாரங்கள் ஆகும். ஆகவே பத்து நாளுக்கொரு முறை வரும் வெள்ளம் பாசிக்கு நீண்ட அமைதி, கோபிபாட்டுக்கு ஓயாத அடி.

1961-ல் ஜி. ஈவ்லின் ஹட்சின்சன் ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரே தண்ணீரில், அதே சில சத்துகளுக்காகப் போட்டியிடும் இத்தனை பாசி இனங்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன? வல்லது ஒன்று மற்றதை விரட்டியிருக்க வேண்டாமா? விடைகளில் ஒன்று, விரட்டி முடிப்பதற்குள் சூழல் மாறிவிடுகிறது என்பது. பாசியியலாளர் காலின் ரெனால்ட்ஸ் போட்ட கணக்குப்படி ஒரு இனம் மற்றவற்றை ஒதுக்கித் தள்ளச் சுமார் 12 முதல் 16 தலைமுறை அமைதி வேண்டும். அதற்குள் அடுத்த குலைவு வந்தால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து.

அப்படியானால் நடுத்தரக் குலைவு ஏரிக்கு நல்லதா?

ஜோசப் கானல் 1978-ல் மழைக்காடுகளையும் பவளப்பாறைகளையும் வைத்துச் சொன்ன கருத்து இது: குலைவு மிகக் குறைவாகவும் இல்லாமல் மிக அதிகமாகவும் இல்லாமல் இருக்கும்போது இனவளம் உச்சத்தில் இருக்கும். மிதவை உயிரிகளைப் படிப்பவர்கள் இதை ஆவலோடு எடுத்துக்கொண்டார்கள். மற்ற இடங்களில் நூறாண்டு காத்திருந்து பார்க்க வேண்டியதை இங்கே ஒரு பருவத்தில் பார்த்துவிடலாமே. ஆனால் களத்தில் அந்தக் கூம்பு வடிவ வளைகோடு எப்போதும் கிடைப்பதில்லை. 2013-ல் ஜெரமி ஃபாக்ஸ் இந்தக் கருதுகோளையே கைவிட வேண்டும் என்று எழுதினார். எங்கள் பார்வையில், அதை விதியாக எடுக்காமல் கேள்வியாக எடுத்துக்கொண்டால் பயன் உண்டு: இந்தக் குலைவின் இடைவெளி எந்த உயிரின் எத்தனை தலைமுறை? ‘நல்லதா’ என்பது வேறு கேள்வி. இனங்கள் கூடிய தண்ணீர் குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று அர்த்தமில்லை.

வெள்ளத்தில் மிதவைகள் எவ்வளவு அடித்துச் செல்லப்படும்? கணக்கிட முடியுமா?

முடியும். ஏரியின் கொள்ளளவை வெளியேறும் நீரின் அளவால் வகுத்தால் நீர் தங்கும் காலம் வரும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதிலிருந்து திறக்கப்பட்டது உச்சத்தில் விநாடிக்கு 29,000 கன அடி. அதே அளவு ஒரு நாள் முழுக்கப் போனால் 29,000 × 86,400 = சுமார் 2,506 மில்லியன் கன அடி. 3,645-ஐ இதால் வகுத்தால் 1.45 நாள்.

இனி அடுத்த படி. நன்றாகக் கலந்த ஏரியில் கழுவப்படும் வீதம் 1 ÷ 1.45, அதாவது நாளொன்றுக்கு 0.69. ஒரு நாளில் இரட்டிக்கும் பாசியின் வளர்ச்சி வீதமும் (2-இன் இயல் மடக்கை) 0.69-தான். எனவே அந்த வேகத்தில் தினமும் இரட்டிக்கும் பாசி மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். அதைவிட மெதுவானவை எல்லாம் குறையும். வாரக்கணக்கில் வளரும் கோபிபாட் வளர்ச்சியால் ஈடுகொடுக்கவே முடியாது. கரையோரக் கோரைக்குள், செடிமறைவில், அடிச்சேற்றருகே ஒதுங்கியவைதான் மிஞ்சும்.

இந்தக் கணக்கில் தவறும் இடம் இரண்டு. ஏரி முழுக்க ஒரே சீராகக் கலக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் வரத்துக் கால்வாயிலிருந்து மதகு வரை ஒரு நேர்வழி ஓட்டம் இருக்கும், மூலைகள் தேங்கிக் கிடக்கும். இரண்டாவது, கொள்ளளவு பழைய ஏட்டில் உள்ளது. வண்டல் படிந்த ஏரியில் உண்மைக் கொள்ளளவு குறைவு, அதனால் கழுவல் இன்னும் வேகம்.

வெள்ளம் வடிந்த பிறகு இன்னொன்று நடக்கும். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும்போது சத்து இருந்தும் பாசி எழாது, வெளிச்சம் போதாது. களிமண் துகள் நீர்த்தெள்ளின் வடிகட்டும் கால்களையும் அடைக்கும். பொறுக்கித் தின்னும் ரோட்டிஃபருக்கு அது வாய்ப்பு. மண் படிந்து தண்ணீர் தெளியத் தொடங்கும் வாரத்தில்தான் பாசி ஒரே பாய்ச்சலாக எழும்.

ஏரி முழுக்கக் காய்ந்துவிட்டால் எல்லாம் போச்சா?

இல்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, தண்ணீர் போனாலும் சேற்றில் விதை இருந்தது. இடம் சுருங்கி, நெரிசல் கூடி, உணவு குறையும்போது நீர்த்தெள்ளுகள் பெண் மட்டும் பெருகும் வழக்கத்தை நிறுத்திவிட்டு ஆண்களையும் பெறும். இணைந்து உண்டாகும் முட்டைகளைக் குதிரைச் சேணம் போன்ற கறுத்த உறைக்குள் வைத்து உதிர்க்கும். ரோட்டிஃபருக்கு ஓய்வு முட்டை, நீலப்பச்சைப் பாசிகள் சிலவற்றுக்குத் தடித்த சுவருள்ள ஓய்வணு. கோபிபாட் சில நடுவயதிலேயே சேற்றில் உறங்கும்.

மழை வந்து அரை அடி நிரம்பியதும் வரிசை பெரும்பாலும் இப்படிப் போகும்: முதல் சில நாளில் பாக்டீரியா, சவுக்கிழை உயிர்கள் (சவுக்கு போன்ற இழையை அசைத்து நீந்தும் ஒற்றைச் செல் உயிர்கள்), சிறு பச்சைப் பாசி. முதல் வாரத்துக்குள் பிராக்கியோனஸ் வகை ரோட்டிஃபர். அடுத்து மோய்னா. பிறகு கோபிபாட். மீன் வந்து சேரும்வரை மோய்னாவுக்குக் கொண்டாட்டம்.

வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த ஏரித்தரையின் மேல் இரண்டு சென்டிமீட்டர் மண்ணை ஐந்தாறு இடத்திலிருந்து சுரண்டி எடுத்து, 50 கிராம் மண்ணை ஒரு லிட்டர் குளோரின் இல்லாத தண்ணீரில் போட்டு, வெளிச்சம் படும் நிழலில் வையுங்கள். தினமும் லென்ஸால் பாருங்கள். ஒன்றும் பொரிக்காவிட்டால் மண் செத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆழமாகத் தோண்டி எடுத்திருக்கலாம், குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கலாம், முட்டைக்கு இன்னும் உறக்கம் கலையாமல் இருக்கலாம்.

இதனால்தான் தூர்வாரும்போது ஏரித்தரையை ஒரே ஆண்டில் முழுக்கச் சுரண்டுவதை நாங்கள் விரும்புவதில்லை. விதை வங்கி அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது. ஒரு பகுதியைத் தொடாமல் விட்டால் அங்கிருந்து மற்ற இடம் நிரம்பும்.

சாக்கடை கலக்கும் ஏரியில் எப்போதும் பச்சையாகவே இருக்கிறது. எதைக் குறைத்தால் மாறும்?

முதலில் பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973-ல் பிளாஸ்டிக் திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பாதிதான் பச்சையானது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் நீலப்பச்சைப் பாசிகள் அங்கே எழுந்தன.

நம் ஏரிகளில் சாக்கடைக் குழாயை அடைத்தாலும் உடனே மாறாது. ஆண்டுக்கணக்கில் சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸ், அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் மறுபடி கரைந்து மேலே வரும். பாசி அடர்ந்த ஏரியில் ஆக்சிஜனைப் பகல் இரண்டு மணிக்கு அளந்து நன்றாக இருக்கிறது என்று எழுதுவது பெரிய பிழை. விடியற்காலை ஐந்து மணிக்கு அளந்து பாருங்கள். மீன் மேலே வந்து வாய் பிளப்பது அப்போதுதான்.

பாசியை அழிக்க மயில்துத்தம் (செப்பு சல்பேட்) போடலாமா?

குடிநீர் எடுக்கும் ஏரியில், பாசி அடர்ந்திருக்கும்போது, வேண்டாம். செப்பு பாசியின் செல்லை உடைக்கும். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசியில் நச்சு பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கிறது, உடைந்தால் தண்ணீரில் கலக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு அழியாது. மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் நச்சுக்கு உலக சுகாதார நிறுவனம் அன்றாடக் குடிநீருக்கு வைத்த தற்காலிக வழிகாட்டி அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மட்டுமே. செத்த பாசி அழுகி ஆக்சிஜனைத் தின்னும், மீன் சாகும். இன்னொன்று: செப்பு நீர்த்தெள்ளுகளையும் கொல்லும். பாசி சில நாளில் திரும்ப வரும், தின்ன ஆள் இருக்காது.

மீன் குஞ்சு விடுவதும் குலைவா?

ஆம், பலர் கணக்கில் எடுக்காத குலைவு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் கிரிஸ்டல் ஏரியை 1942-லும், ஏல்வைஃப் என்ற சிறு மீன் நுழைந்த பிறகு 1964-லும் ஒப்பிட்டு ப்ரூக்ஸ், டாட்சன் இருவரும் 1965-ல் எழுதினார்கள். முன்பிருந்த பெரிய நீர்த்தெள்ளும் பெரிய கோபிபாட்டும் போய், பொடி இனங்களே மிஞ்சியிருந்தன. மீன் கண்ணால் பார்த்துப் பெரியதைப் பொறுக்குகிறது.

இங்கே கட்லா மேல்நீரில் விலங்கு மிதவைகளை வடித்துத் தின்னும். நெருக்கமாகக் கட்லா விட்ட குளத்தில் பெரிய நீர்த்தெள்ளைத் தேடினால் கிடைக்காது, பிராக்கியோனஸ்தான் நிறைந்திருக்கும். தின்பவர் குறைந்ததால் தண்ணீர் இன்னும் பச்சையாகும். ஆகவே ஏரியைக் கண்காணிக்கும்போது மீன் ஏலம் எடுத்தவர் எந்தத் தேதியில் என்ன மீன் எத்தனை விட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் நவம்பர் மாற்றத்தை எல்லாம் மழையின் தலையில் கட்டிவிடுவோம்.

முகத்துவாரம் திறந்தால் என்ன ஆகும்?

மணல் திட்டு மூடிய கழிமுகத்தில் நன்னீர் கூட்டம் இருக்கும். திட்டை வெட்டியதும் உப்பு ஏறி, சில மணி நேரத்தில் அந்தக் கூட்டம் மடியலாம். அலையோடு கடல் டயாட்டங்களும் கடல் கோபிபாட்டும் உள்ளே வரும். இங்கே பெரும்பாலும் வளர்ந்து இடம் பிடிப்பதில்லை, ஏற்றி இறக்கப்படுவதுதான். ஒரே நாளில் ஏற்றத்திலும் வற்றத்திலும் எடுத்த இரண்டு மாதிரி இரண்டு ஊர் போல இருக்கும். உப்புத்தன்மையையும் அலை நிலையையும் எழுதாத மாதிரியால் பயனில்லை.

சென்னைக் கடற்கரையில் நீலமாக ஒளிர்ந்ததும், இராமேஸ்வரம் அருகே மண்டபத்தில் கடல் பச்சையானதும் ஒன்றுதானா?

உயிர் ஒன்றே: நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் கடல் மிதவை. 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் இரவில் ஒளிர்ந்தது, அடுத்த மாதம் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது. மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். பச்சை நிறம் நாக்டிலூகாவின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியால் வருவது. இத்தகைய பெருக்கத்தில் ஆக்சிஜன் சரிவும், அது உடலில் தேக்கி வைத்திருக்கும் அம்மோனியாவும் மீனுக்கு ஆபத்து.

எத்தனை நாளுக்கொரு முறை மாதிரி எடுக்க வேண்டும்?

மாதம் ஒரு முறை என்பது பட்டப்படிப்புத் திட்டத்துக்கு வசதி, பாசிக்கு அல்ல. இரண்டு மாதிரிகளுக்கு நடுவே முப்பது தலைமுறை பாசி பிறந்து செத்திருக்கும். சாதாரண நாளில் வாரம் ஒன்று. குலைவு வந்ததும் 0, 1, 3, 7, 14, 21, 28-ம் நாள். குலைவுக்கு முன்னால் குறைந்தது மூன்று நான்கு வார மாதிரி கையில் இருக்க வேண்டும். அந்தக் குலைவு படாத பக்கத்து ஏரி ஒன்றிலும் அதே நாளில் எடுங்கள். இல்லாவிட்டால் பருவம் செய்ததையும் தூர்வாரியது செய்ததையும் பிரிக்க வழியில்லை.

மாதிரி எடுக்கும் முறை?

எப்போதும் ஒரே நேரம், காலை 9 முதல் 10. நீர்த்தெள்ளு பகலில் அடிக்குப் போகும், இரவில் மேலே வரும். நேரம் மாறினால் கூட்டம் மாறியது போலத் தெரியும். கரையிலிருந்து வாளியில் மொள்ள வேண்டாம். காற்று பாசி ஏட்டை ஒரு கரையில் ஒதுக்கியிருக்கும். படகில் நடுப்பகுதிக்குப் போய், இரண்டு மீட்டர் பிவிசி குழாயைச் செங்குத்தாக இறக்கி, மேல்வாயை ரப்பர் அடைப்பானால் மூடி, தூக்கும்போது கீழ்வாயைத் தண்ணீருக்குள்ளேயே கையால் பொத்தி எடுங்கள். மூன்று இடத்தில் எடுத்து ஒரு வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு லிட்டர் பாசிக்கு.

பாசிக்கு வலை போதாது. 20 மைக்ரான் வலையும் அதைவிடச் சின்ன பாசிகளை விட்டுவிடும். வெள்ளத்துக்குப் பின் முதலில் எழுவது அந்தச் சின்னவைதான். விலங்கு மிதவைக்கு 64 மைக்ரான் வலையில் 50 லிட்டர் வடியுங்கள். கூடவே நீரின் தெளிவைக் காட்டும் 20 சென்டிமீட்டர் கறுப்பு வெள்ளை செக்கி தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம், வெப்பம், நீர்மட்டம், கலிங்கு பாய்கிறதா என்ற குறிப்பு.

பாதுகாப்பது எப்படி?

பாசிக்கு லூகால் கரைசல்: பொட்டாசியம் அயோடைடு 20 கிராம், அயோடின் 10 கிராம், வாலை வடிநீர் 200 மில்லி, அடர் அசிட்டிக் அமிலம் 20 மில்லி. அயோடைடை முதலில் கொஞ்சம் நீரில் கரைத்து, அதில்தான் அயோடினைப் போட வேண்டும். வெறும் நீரில் அயோடின் கரையாது. 100 மில்லி மாதிரிக்கு அரை முதல் ஒரு மில்லி. நிறம் பால் ஊற்றாத டீ போல வர வேண்டும். பாசி அடர்ந்திருந்தால் கூடுதலாக ஊற்ற நேரும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இருட்டில் வைத்து, மாதம் ஒரு முறை பாருங்கள். நிறம் வெளுத்தால் மறுபடி ஊற்றுங்கள். பிளாஸ்டிக் புட்டி அயோடினைக் குடித்துவிடும்.

ரோட்டிஃபரை நேராக ஃபார்மலினில் போட்டால் உருண்டைப் புள்ளியாகச் சுருங்கிவிடும், இனம் தெரியாது. முதலில் கொஞ்சம் சோடா ஊற்றி அசைவு நின்றதும், ஒன்பது பங்கு மாதிரிக்கு ஒரு பங்கு கடை ஃபார்மலின். கையுறையோடு, திறந்த வெளியில். எதையும் சேர்க்காத ஒரு சின்னப் புட்டியை அன்றே உயிரோடு பாருங்கள். சவுக்கிழை உயிர்களின் உண்மை வடிவம் அதில்தான் தெரியும்.

எண்ணுவது?

ஒரு லிட்டரை 48 மணி நேரம் அசையாமல் படிய விட்டு, மேல்நீரை மெல்லிய குழாயால் மேலிருந்து உறிஞ்சி 20 மில்லி ஆக்குங்கள். மைக்ரோசிஸ்டிஸ் மட்டும் அடியில் படியாமல் மேலே நிற்கும். அதன் செல்லுக்குள் காற்றுப் பைகள். அந்த மாதிரியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முனையை விரலால் அடைத்து, தண்டை ஓங்கி அழுத்தினால் பைகள் உடைந்து பாசி மூழ்கும். இதைச் செய்யாமல் மேல்நீரைக் கொட்டினால் ஏரியில் அதிகம் இருந்த உயிரையே கொட்டிவிட்டு எண்ணுவீர்கள்.

செட்விக் ராஃப்டர் என்ற எண்ணும் கண்ணாடியில் ஒரு மில்லி பிடிக்கும், 1,000 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர். 100 கட்டத்தில் 240 எண்ணினால், அடர்த்த மாதிரியில் மில்லிக்கு 2,400. அதை 50-ஆல் வகுக்க, ஏரியில் மில்லிக்கு 48. பிழை பத்து சதவீதத்துக்குள் இருக்க 400 வரை எண்ணுங்கள். திரளாக வாழும் பாசியைத் திரளாக எண்ணுவதா செல்லாக எண்ணுவதா என்று முதல் நாளே முடிவு செய்து ஏட்டில் எழுதுங்கள். நடுவில் மாற்றினால் நூறு மடங்கு பெருக்கம் காகிதத்தில் மட்டும் நடக்கும்.

ஷானன் எண் (இனங்களின் எண்ணிக்கையையும் அவற்றின் விகிதத்தையும் சேர்த்துச் சொல்லும் பன்மை அளவு) மாறவில்லை. குலைவு பாதிக்கவில்லை என்று எழுதலாமா?

கூடாது. ஐந்து இனம், ஒவ்வொன்றும் 20 சதவீதம் என்றால் ஷானன் எண் 1.61. வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஐந்தும் போய், முற்றிலும் வேறு ஐந்து இனம் அதே விகிதத்தில் வந்தாலும் 1.61-தான். அந்த எண்ணுக்குப் பெயர் தெரியாது. இரண்டு கூட்டங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று 0 முதல் 1 வரை அளக்கும் பிரே கர்ட்டிஸ் வேற்றுமையைச் சேர்த்துப் போடுங்கள், இந்த எடுத்துக்காட்டில் அது 1, அதாவது ஒன்றுகூடப் பொதுவில்லை. அதைவிட முக்கியம், இனப்பெயர்ப் பட்டியலை எண்ணிக்கையோடு இணைப்பாக வெளியிடுவது. சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்தவர் எதையும் திரும்பக் கணக்கிட முடியாது.